பெரட்டு

ஒரு காலத்தில் விடியுமுன்
பெயர் கூப்பிட்ட பெரட்டுக் களம் இது.
வராதவனுக்கு அன்றைய கூலி இல்லை.
இப்போது பொது மண்டபம்.
மேசையில் ஏழு ஒலிவாங்கி,
இரண்டுக்கு உயிரில்லை.

மாநிலச் சட்டமன்றத்தின் கணக்குக் குழு
சுங்கை மெராந்திக்கு வந்திருக்கிறது,
பொதுமக்கள் கருத்தைக் கேட்க.
ஆளுக்கு மூன்று நிமிடம். பிறகு மணி.
நான் மொழிபெயர்ப்பாளன், நாள் கூலி.
நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்குகளுக்குப்
பேசிப் பேசி மரத்த வாய்.

கோப்பு சொல்கிறது:
லயத்து வீடுகளுக்குப் புதுக் கூரை.
அறுபத்து நான்கு வீடு.
நூறு விழுக்காடு நிறைவு.

முதலில் வந்தவர் சாக்கடையைப் பேசினார்.
அடுத்தவர் மகளின் சிவப்பு அடையாள அட்டையை.
ஒருவர் நாய்த் தொல்லை பற்றிச் சொல்லிவிட்டு
அழுதார், ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.
எல்லாவற்றையும் மலாயில் சொன்னேன்.
அழுகைக்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

பிறகு பவளக்கொடி மாயழகு.
செம்பனையடியில் உதிர்பழம் பொறுக்குகிறவர்.
ஒலிவாங்கியைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்:
"நாப்பத்தொண்ணு."

அவ்வளவுதான்.
நானும் அவ்வளவுதான் சொன்னேன்:
"எம்பாட் புலோ சத்து."
மணிக்காரர் என்னைப் பார்த்தார்,
நான் எதையோ விழுங்கிவிட்டதைப் போல.

"இருபத்தேழு வருசமா மூட்டைக்குக் கூலி.
பத்து போட்டா சீட்டுல ஒம்பது.
அதனால நானே எண்ணிப் பழகிட்டேன்.
கூரையவும் எண்ணினேன்,
போறப்ப ஒரு தடவ, வர்றப்ப ஒரு தடவ."

குழுத் தலைவர் நோர்ஹயாத்தி
கண்ணாடியைக் கழற்றினார்:
மோசடி என்கிறாரா?
கேட்டேன்.
"அந்த வார்த்தைய நான் சொல்லல.
நீங்களும் சேக்காதீங்க தம்பி.
எண்ணினது யாருன்னு மட்டும் கேளுங்க."

வீடமைப்பு அதிகாரி பக்கம் புரட்டினார்.
படங்கள் இருக்கின்றன, ஒய்பி.
அறுபத்து நான்கு படங்கள்.
எதிர்க்கட்சி உறுப்பினர் லியோங் வாங்கிப் பார்த்தார்,
திரும்பவும் பார்த்தார்.
இந்தப் பப்பாளி மரம்
ஐந்து வீட்டு வாசலில் நிற்கிறதே?

"அது எங்க வூட்டு மரம்!" என்றது பின்வரிசை.
மண்டபம் சிரித்தது.
பதிவேட்டில் அது அடைப்புக்குறிக்குள் போகும்,
'சிரிப்பு' என்று,
எத்தனை பேர் என்று எழுதாமல்.

தலைவர் எழுந்தார்.
சாப்பாட்டுப் பொட்டலங்கள் மேசையிலேயே ஆற,
குழு முழுக்க வெயிலில் நடந்தது,
அதிகாரி கையில் பட்டியலோடு முன்னால்,
நாங்கள் பின்னால்.

முதல் லயம், மூன்றாம் எண்?
இருக்கு.
நான்கு?
இருக்கு.
ஐந்து?
வாசலில் கைகட்டி நின்ற பெண்
அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:
வரல.

அப்போதுதான் எனக்கு உறைத்தது:
இது பெரட்டு.
அதே களத்தில் தொடங்கிய அதே கணக்கு.
இன்று பெயர் கூப்பிடப்படுவது
அரசாங்கம்.

நான்கு மாதம் கழித்து
அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது.
பதினேழாம் பக்கம், இரண்டாம் பத்தி.
குத்தகையாளருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம்.
பணம் திரும்பியதா என்று
அதில் ஒன்றும் இல்லை.

நகல் எடுத்துக்கொண்டு போனேன்.
பவளக்கொடி கொக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு
கையைப் பாவாடையில் துடைத்தார்.
"எம்பேரு இருக்கா?"
'ஒரு குடியிருப்பாளர்' என்று இருக்கிறது, அக்கா.
"சரி. எண்ணு?"
நாற்பத்தொன்று.
"எழுத்துலயும் போட்டிருக்கானா, எண்ணுல மட்டுமா?"
இரண்டிலும்.

தலையை ஆட்டினார். மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது.
இன்னும் இருபத்து மூன்று வீட்டில்
பழைய தகரம்தான்.
அதில் ஒன்று அவருடையது.
அதை அன்று அவர் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

"அடுத்த கூட்டம் எப்போ?"
நவம்பரில்.
சுவர்க் காலண்டரைத் தள்ளி
நவம்பரை எடுத்து,
தேதி தெரியாததால்
மாதத்தின் பெயரையே வட்டமிட்டார்.